ஃபார்ம்ல மறைச்ச சுகர், வைரஸ்கிட்ட மறையாது



2021 மே மாசம், கொரோனா ரெண்டாவது அலை உச்சத்துல இருந்த நேரம். வருஷா வருஷம் என்கிட்ட ரிட்டர்ன் ஃபைல் பண்ற ஒரு தம்பி போன் பண்ணார். வயசு 29, சென்னையில ஐடி வேலை.

"சார், அப்பாவோட க்ளெய்ம் ரிஜெக்ட் ஆயிடுச்சு."

அப்பாவுக்கு 57 வயசு. கொரோனா நிமோனியா. 17 நாள் ஆஸ்பத்திரி, அதுல 9 நாள் ஐசியூ. பில் 8 லட்சத்து 40 ஆயிரம். 5 லட்சத்துக்கு பாலிசி இருந்தது. ரெண்டு வருஷமா ப்ரீமியம் ஒரு நாள்கூட தவறாம கட்டியிருக்காங்க. ஆனா டிஸ்சார்ஜ் சம்மரியில ஒரே ஒரு வரி இருந்தது: ஆறு வருஷமாக சர்க்கரை நோய் உள்ளவர். ப்ரொபோசல் ஃபார்ம்ல அதே கேள்விக்கு எதிரே 'இல்லை'னு டிக் போட்டிருக்கு. "சுகர்னு போட்டா ப்ரீமியம் ஏறும், மெடிக்கல் டெஸ்ட் கேட்பாங்க, விடுங்க"னு ஏஜென்ட் சொல்லியிருக்கார். அப்பாவும் கையெழுத்து போட்டுட்டார்.

அப்பா பிழைச்சு வீட்டுக்கு வந்துட்டார், அதுதான் முக்கியம். ஆனா பில் கட்டினது எப்படின்னு கேட்டீங்கன்னா, கொரோனாவுக்காக பிஎஃப்ல அப்போ அனுமதிச்ச அட்வான்ஸ், அம்மா நகை மேல கடன், மீதிக்கு பர்சனல் லோன்.

எல்லாம் முடிஞ்சப்புறம் அந்தத் தம்பி கேட்ட கேள்வி இதுதான்: "சார், அப்பா அட்மிட் ஆனது கொரோனாவுக்கு. சுகருக்கு இல்லையே? அதை ஏன் நடுவுல இழுக்கறாங்க?"

கேட்கறதுக்கு நியாயமாத்தான் தெரியுது. இந்தப் பதிவு முழுக்க அந்தக் கேள்விக்கு என்னோட பதில்தான். சுருக்கமா சொன்னா, சுகரை நடுவுல இழுத்தது இன்சூரன்ஸ் கம்பெனி இல்லை. அதுக்கு முன்னாடியே வைரஸ் இழுத்துடுச்சு. அதனாலதான் உங்க வீட்ல இருக்கிற சுகர் நம்பர், சேலரி, இஎம்ஐ, எஸ்ஐபி மாதிரி உங்க நிதிக் கணக்குல வர வேண்டிய ஒரு நம்பர்னு நான் சொல்றேன்.

நான் டாக்டர் இல்லை, ஆடிட்டர். மருந்து, டோஸ் பத்தி ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். நம்பர் பார்க்கறது மட்டும்தான் என் வேலை. அதைப் பார்ப்போம்.

நம்பர் என்ன சொல்லுது?

முதல் நம்பர் இங்கிலாந்துல இருந்து. அங்க கிட்டத்தட்ட எல்லாருடைய மருத்துவப் பதிவும் ஒரே அரசு அமைப்புல இருக்கு. அதனால 6 கோடிக்கும் அதிகமான பேரோட பதிவுகளை மொத்தமா வச்சுப் பார்க்க முடிஞ்சது. 2020 மார்ச் 1 முதல் மே 11 வரை, கொரோனாவோட ஆஸ்பத்திரியில இறந்தவங்க 23,698 பேர். இதுல ஏறக்குறைய மூணுல ஒருத்தருக்கு சர்க்கரை நோய் இருந்தது. ஆனா அந்த மொத்த மக்கள்தொகையில சர்க்கரை நோய் இருந்தவங்க சுமார் 5 சதவீதம்தான்.

"வயசானவங்களுக்குத்தானே சுகர் அதிகம், அதனால அப்படித் தெரியுது"ன்னு நீங்க சொல்லலாம். நல்ல கேள்வி. வயசு, ஆண் பெண் வித்தியாசம், வறுமை, இனம், வசிக்கிற பகுதி இதையெல்லாம் கழிச்சுட்டுத்தான் கணக்கு போட்டாங்க. அப்பவும் டைப் 2 சர்க்கரை நோய் இருந்தவங்களுக்கு ஆஸ்பத்திரியில இறக்கிற வாய்ப்பு சுமார் 2 மடங்கு. டைப் 1க்கு சுமார் மூன்றரை மடங்கு.

ரெண்டாவது நம்பர் சீனாவோட ஹூபே மாகாணத்துல இருந்து. வூஹான் இருக்கிற அதே மாகாணம். ஆஸ்பத்திரியில சேர்ந்த 7,337 கொரோனா நோயாளிகளை எடுத்துக்கிட்டாங்க. அதுல 952 பேருக்கு டைப் 2 சர்க்கரை நோய். சுகர் இல்லாதவங்கள்ல 2.7 சதவீதம் பேர் இறந்தாங்க. சுகர் இருந்தவங்கள்ல 7.8 சதவீதம்.

இந்தப் பதிவுல ஒரே ஒரு விஷயத்தை ஞாபகம் வச்சுக்கணும்னா, அடுத்த வரியை வச்சுக்கோங்க. அந்த 952 பேர்ல, ஆஸ்பத்திரியில இருந்த நாட்கள்ல ரத்தச் சர்க்கரை 70ல இருந்து 180க்குள்ள கட்டுப்பாட்டுல இருந்தவங்கள்ல இறந்தவங்க 1.1 சதவீதம். கட்டுப்பாட்டுல இல்லாதவங்கள்ல 11 சதவீதம்.

வியாதி ஒண்ணு, வைரஸும் ஒண்ணு. ஆனா பத்து மடங்கு வித்தியாசம்.

இங்க ஒரு ஆடிட்டரா ஒரு நோட் போட்டாகணும். இது நடந்ததை வச்சுப் பார்த்த கணக்கு, பரிசோதனை இல்லை. உடம்பு மோசமா இருந்ததாலேயே சிலருக்கு சுகர் கட்டுக்குள்ள வராம போயிருக்கலாம். அதனால பத்து மடங்கும் கட்டுப்பாட்டோட பலன்னு நான் எழுத மாட்டேன். ஆனா திசை தெளிவா இருக்கு. 'சுகர் இருக்கா இல்லையா'ங்கிறது எவ்வளவு முக்கியமோ, 'கட்டுக்குள்ள இருக்கா'ங்கிறதும் அவ்வளவு முக்கியம்.

கொரோனா முடிஞ்ச கதைதானேன்னு நினைக்காதீங்க. 2009ல பன்றிக் காய்ச்சல் வந்தப்போ கனடாவோட கியூபெக் மாகாணத்துல பார்த்ததும் இதே பேட்டர்ன்தான். சர்க்கரை நோய் இருந்தவங்க ஆஸ்பத்திரியில சேர்ற வாய்ப்பு சுமார் மூணு மடங்கு. சேர்ந்தப்புறம் ஐசியூ போற வாய்ப்பு சுமார் நாலு மடங்கு. வைரஸ் பேர் மாறிச்சு, கணக்கு பெருசா மாறலை. மழைக்காலத்துல உங்க ஆபீஸ்ல பாதி ஃப்ளோர் லீவ் போடுதே, அந்த ஃப்ளூவுக்கும் இது பொருந்தும்.

ஏன் இப்படி ஆகுது?

டாக்டர்கள் சொல்றதை நான் புரிஞ்சுக்கிட்ட அளவுல சொல்றேன்.

ரத்தத்துல சர்க்கரை தொடர்ந்து அதிகமா இருந்தா, கிருமியை எதிர்க்கிற வெள்ளை அணுக்கள் மந்தமாகுது. ரத்தக் குழாய்கள் ஏற்கெனவே அடி வாங்கியிருக்கும். சிறுநீரகம், இதயம் ரெண்டும் கொஞ்சம் தளர்ந்திருக்கும். அந்த உடம்புக்குள்ள நுரையீரலைத் தாக்குற ஒரு வைரஸ் வந்தா, சண்டை போட ரிசர்வ் கம்மி.

ரெண்டாவது, இது ஒருவழிப் பாதை இல்லை. காய்ச்சல் வந்தா உடம்பு கார்டிசால் மாதிரி ஹார்மோன்களை அதிகமா சுரக்குது. அது சுகரை ஏத்துது. ஏறின சுகர் நோயை மோசமாக்குது. மோசமான நோய் சுகரை இன்னும் ஏத்துது. கிரெடிட் கார்டு வட்டி மேல வட்டி ஏறுற மாதிரி.

மூணாவது, வைத்தியமே சுகரை ஏத்தும். 2020 ஜூன்ல இங்கிலாந்தோட ரிகவரி ஆய்வு டெக்சாமெத்தசோன் பத்தி முடிவை வெளியிட்டது. வென்டிலேட்டர்ல இருந்தவங்கள்ல மரணம் சுமார் மூணுல ஒரு பங்கு குறைஞ்சது. விலை மலிவான, உயிர் காத்த மருந்து. ஆனா அது ஸ்டீராய்டு, சுகரை ஏத்தும். உயிர் காக்க அதைக் கொடுத்தே ஆகணும், கூடவே இன்சுலின் வச்சு சுகரை இறுக்கிப் பிடிக்கணும். சுகர் இருக்குன்னு முன்கூட்டியே தெரிஞ்சா அந்தக் கவனம் முதல் நாளே ஆரம்பிக்கும்.

பிடிக்காம விட்டா என்ன ஆகும்னு 2021ல நாம நேர்ல பார்த்தோம். கருப்புப் பூஞ்சை. கட்டுப்பாடில்லாத சுகரும் ஸ்டீராய்டும் சேர்ந்த இடத்துல அது வேர் விட்டது. மே மாசமே தமிழ்நாடு அதை அறிவிக்க வேண்டிய நோயா ஆக்கிச்சு. நாடு முழுக்க 40,000 பேருக்கு மேல பாதிப்பு. பலருக்குக் கண்ணையே எடுக்க வேண்டியதாச்சு. ஆம்போடெரிசின் பி மருந்துக்கு மக்கள் ஊர் ஊரா அலைஞ்சாங்க. ஜூன் 12ஆம் தேதி ஜிஎஸ்டி கவுன்சில் கூடி அந்த மருந்துக்கு 5 சதவீதமா இருந்த வரியை ஜீரோ ஆக்கிச்சு. அந்த அறிவிப்பைப் படிச்சப்போ எனக்குத் தோணினது, வரியை ஜீரோ ஆக்கலாம், தாமதத்தை ஜீரோ ஆக்க முடியாது.

இது பில்லுல எப்படி வருது?

கணக்குக்காக ஒரு நம்பர் எடுத்துக்குவோம். வார்டுல ஒரு நாளைக்கு 15,000 ரூபாய், ஐசியூவுல 40,000. சுகர் கட்டுக்குள்ள இருக்கிற ஒருத்தர் 5 நாள் வார்டுல இருந்துட்டு வந்தா 75,000. அதே வைரஸ், சுகர் தாறுமாறா இருக்கிற இன்னொருத்தர் 6 நாள் ஐசியூ, 6 நாள் வார்டு இருந்தா 3 லட்சத்து 30 ஆயிரம். நாலு மடங்குக்கு மேல. இதுல ஆன்டிபயாடிக், ஸ்கேன், டிஸ்சார்ஜுக்குப் பிறகு வர்ற செலவு, சம்பளமில்லாத லீவ் எதுவும் சேர்க்கலை.

இப்போ அந்தத் தம்பி கேள்விக்கு வருவோம். இன்சூரன்ஸ் கம்பெனி உங்க ரிஸ்க்கைத்தான் விலை போட்டு வாங்குது. ஒரே வைரஸ் ஒருத்தருக்கு 75,000 ரூபாய் பில்லாவும் இன்னொருத்தருக்கு 3 லட்சம் பில்லாவும் வரும்னா, அந்த வித்தியாசத்தைத் தீர்மானிக்கிற தகவலை மறைச்சது சின்ன விஷயம் இல்லை. க்ளெய்ம் ரிஜெக்ட் ஆனது மனசுக்குக் கஷ்டமா இருந்தாலும், காரணமில்லாம ஆகலை.

சொன்னவருக்கும் மறைச்சவருக்கும் உள்ள வித்தியாசம்

பலர் நினைக்கிறது: "சுகர்னு சொன்னா எதுக்குமே க்ளெய்ம் வராது, மூணு வருஷம் காத்திருக்கணும்." இது பாதிதான் உண்மை.

2024 ஏப்ரல்ல வந்த ஐஆர்டிஏஐ விதிப்படி, ஏற்கெனவே இருக்கிற நோய்க்குக் காத்திருப்புக் காலம் அதிகபட்சம் 36 மாசம். முன்னாடி 48 மாசமா இருந்தது. அந்தக் காத்திருப்பு எதுக்கு? அந்த நோய்க்கும் அதோட நேரடிச் சிக்கல்களுக்கும். வைரஸால வர்ற நிமோனியா புதுசா வந்த தொற்று. சர்க்கரை நோய் அதை மோசமாக்கலாம், ஆனா அதை உண்டாக்கலை. அதனால ஃபார்ம்ல உண்மையைச் சொன்னவர், முதல் 30 நாள் தாண்டிட்டா, "இது தொற்று, என் பழைய நோய் இல்லை"ன்னு நிமிர்ந்து நின்னு கேட்கலாம். கம்பெனி மறுத்தாலும் ஆம்புட்ஸ்மேன் வரைக்கும் போய் வாதாட அவருக்கு இடம் இருக்கு.

மறைச்சவரும் அதே வாதத்தைத்தான் வைப்பார். "அட்மிட் ஆனது கொரோனாவுக்கு, சுகருக்கு இல்லையே?" ஆனா அவர்கிட்ட கேள்வியே வேற. "ஏன் பொய் சொன்னீங்க?" அதுக்கு பதில் கிடையாது. ஒரே வாதம், ஒருத்தர் கையில ஆயுதம், இன்னொருத்தர் கையில வெறும் காத்து.

மிச்சம் பண்ணது எவ்வளவு? வருஷ ப்ரீமியம் 20,000, சுகருக்காக 25 சதவீதம் கூடுதல்னு வச்சுக்கோங்க. வருஷத்துக்கு 5,000. ரெண்டு வருஷத்துல 10,000 ரூபாய். இதைக் காப்பாத்தப் போய் 5 லட்சம் கவரை இழக்கறது எந்த ஊர் சிக்கனம்?

இன்னொரு கூட்டம் இருக்கு. "அஞ்சு வருஷம் தாண்டிட்டா கம்பெனி கேள்வி கேட்க முடியாதாமே, அதுவரைக்கும் மறைச்சுடலாம்." ஆமா, 60 மாசம் தொடர்ந்து பாலிசி இருந்தா, மறைச்சதைக் காரணம் காட்டி மறுக்க முடியாது. ஆனா மோசடின்னு நிரூபிச்சா அந்தப் பாதுகாப்பு இல்லை. தெரிஞ்சே மறைச்சதை மோசடின்னு சொல்ல மாட்டாங்கன்னு யார் கியாரண்டி? அதோட, வைரஸ் 60 மாசம் உங்களுக்காக வெயிட் பண்ணாது.

"எனக்கு 27 வயசுதானே?"

ஐசிஎம்ஆரும் சென்னையில இருக்கிற மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி மையமும் சேர்ந்து நடத்தின ஆய்வு 2023ல வெளியாச்சு. இந்தியாவுல சர்க்கரை நோய் இருக்கிறவங்க சுமார் 10.1 கோடி. அதுக்கு முந்தின நிலையில, அதாவது பார்டர்ல இருக்கிறவங்க 13.6 கோடி. நமக்கு மேலை நாட்டவரைவிடச் சின்ன வயசுலயே, குறைஞ்ச எடையிலயே இது வருது. நைட் ஷிப்ட், ராத்திரி 11 மணிக்கு ஆர்டர் பண்ற பரோட்டா, நாள் முழுக்க சேர். இந்த லிஸ்ட்ல உங்களைப் பார்க்கறீங்களா?

பார்டர்ல இருக்கிறதுக்கு பெரும்பாலும் எந்த அறிகுறியும் இருக்காது. பலருக்கு வேற ஏதோ காய்ச்சலுக்கு அட்மிட் ஆன அன்னிக்குத்தான் முதல் தடவையா சுகர் இருக்கிறதே தெரியுது. அந்த நாள்ல தெரிஞ்சுக்கறதுதான் எல்லாத்திலயும் காஸ்ட்லியான டெஸ்ட்.

சரி, என்ன செய்யணும்?

ஒண்ணு. ஹெச்பிஏ1சி டெஸ்ட் எடுங்க. மூணு மாச சராசரி. செலவு சில நூறு ரூபாய்தான். 5.7க்குக் கீழ இருந்தா நார்மல், 5.7ல இருந்து 6.4 வரை பார்டர், 6.5ம் அதுக்கு மேலயும் சர்க்கரை நோய். ரிசல்ட்டை டாக்டர்கிட்ட காட்டுங்க, கூகுள்கிட்ட இல்லை. பழைய வரி முறையில இருக்கீங்கன்னா ஹெல்த் இன்சூரன்ஸ் கழிவு லிமிட்டுக்குள்ள ஹெல்த் செக்கப்புக்கு 5,000 ரூபாய் வரை கழிவு உண்டு. இதுக்கு மட்டும் பணமா கட்டினாலும் செல்லும். புது முறையில கழிவு இல்லை. இல்லைன்னாலும் எடுங்க. ஒரு டெஸ்ட்டை டேக்ஸுக்காக எடுக்கக் கூடாது.

ரெண்டு. அப்பா அம்மா ரிசல்ட்டை வாங்கி ஒரு ஃபைல்ல வைங்க. நம்ம வீட்டுப் பெரியவங்க சுகரை "கொஞ்சமாத்தான் இருக்கு"ன்னு சொல்வாங்க. கொஞ்சம்னா எவ்வளவுன்னு நம்பர்ல கேளுங்க. அவங்களுக்கு ஃப்ளூ தடுப்பூசி போடலாமான்னு டாக்டரைக் கேளுங்க. சர்க்கரை நோயாளிகளுக்கு வருஷா வருஷம் போடச் சொல்றது உலக அளவுல இருக்கிற பரிந்துரை. அந்த ஊசி செலவை ஒரு நாள் ஐசியூ வாடகையோட ஒப்பிட்டுப் பாருங்க.

மூணு. ஏற்கெனவே எடுத்த பாலிசியோட ப்ரொபோசல் ஃபார்ம் காப்பியை இன்னிக்கே எடுத்துப் படிங்க. ஏஜென்ட் டிக் போட்டாலும் கையெழுத்து உங்களோடது. தப்பா இருந்தா கம்பெனிக்கு மெயில்ல தெரியப்படுத்துங்க. ப்ரீமியம் ஏறலாம், புதுசா காத்திருப்பு போடலாம், மோசமான பட்சத்துல பாலிசியே ரத்தாகலாம். அப்பவும் நான் சொல்லச் சொல்றேன். இப்போ கெட்ட செய்தி வந்தா வேற வழி தேட உங்களுக்கு டைம் இருக்கு. பில்லிங் கவுண்டர்ல வந்தா டைம் இல்லை. புதுசா எடுத்த பாலிசின்னா 30 நாள் ஃப்ரீ லுக் காலத்துலயே சரி பார்த்துடுங்க.

நாலு. கம்பெனி குடுக்கிற குரூப் இன்சூரன்ஸை மட்டும் நம்பாதீங்க. பல குரூப் பாலிசியில பழைய நோய்க்கு முதல் நாள்லயே கவர் உண்டு. நல்ல விஷயம்தான். ஆனா வேலையை விட்ட அன்னிக்கு அதுவும் போயிடும். 35 வயசுல பார்டர் தாண்டினப்புறம் சொந்த பாலிசி தேடினா, விலையும் ஏறும், சில கம்பெனி கதவையே சாத்தும். நம்பர் நல்லா இருக்கும்போதே வாங்கி, காத்திருப்புக் காலத்தை ஓட விடுங்க. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் ஹெல்த் பாலிசிக்கு ஜிஎஸ்டியும் இல்லை.

அஞ்சு. அப்பா அம்மாவுக்கு யாருமே பாலிசி தரலைன்னா, அவங்க பேர்ல தனியா ஒரு மருத்துவ நிதி ஆரம்பிங்க. லிக்விட் ஃபண்டோ ஸ்வீப் டெபாசிட்டோ, ஒரே நாள்ல எடுக்கிற மாதிரி. பாலிசி இல்லாத 60 வயசு தாண்டின பெற்றோருக்கு நீங்க செய்ற மருத்துவச் செலவுக்கே பழைய முறையில 50,000 வரை கழிவு கேட்கலாம். பணமா கட்டாம, யுபிஐ, கார்டுன்னு கட்டியிருக்கணும்.

கடைசியா

அந்தத் தம்பி கடனை அடைச்சு முடிக்க மூணு வருஷம் ஆச்சு. அந்த மூணு வருஷமும் எஸ்ஐபி நிறுத்தி வச்சிருந்தார். போன வருஷம் ரிட்டர்ன் ஃபைல் பண்ண வந்தப்போ ஃபார்ம் 16ஓட இன்னொரு பேப்பரும் கொண்டு வந்தார். அப்பாவோட ஹெச்பிஏ1சி 6.9, அவரோடது 5.8. அப்பாவுக்குப் புது பாலிசி, கூடுதல் ப்ரீமியத்தோட. ஃபார்ம்ல 'ஆம்'னு டிக்.

"5.8 பரவாயில்லையா சார்?"ன்னு கேட்டார். "என்கிட்ட கேட்காதீங்க, டாக்டர்கிட்ட கேளுங்க"ன்னேன். ஆனா மனசுக்குள்ள சந்தோஷமா இருந்தது. அந்த வீட்ல இப்போ சுகர் ரகசியம் இல்லை, ஒரு நம்பர். ரகசியத்துக்கு பட்ஜெட் போட முடியாது. நம்பருக்குப் போடலாம்.

இந்த வாரம் ஒரு காலை வெறும் வயித்துல லேபுக்குப் போய்ட்டு வாங்க. ஹெச்பிஏ1சிக்கு வெறும் வயிறு தேவையில்லை, ஆனா ஃபாஸ்டிங் சுகரையும் சேர்த்தே பார்த்துடலாம். ப்ரொபோசல் ஃபார்மை எப்படிப் படிக்கணும், எந்தக் கேள்வியில மாட்டிக்குவோம்னு அடுத்த வீடியோல வரி வரியா காட்டறேன். உங்க பாலிசி காப்பியைக் கையில வச்சுக்கிட்டுப் பாருங்க.

உடம்பைப் பார்த்துக்கோங்க, கணக்கையும் பார்த்துக்கோங்க.